பெயர் போட்ட அரேக்களில் பரிமாணச் சோதனை: நான்கு வழிகள், எது யாருக்கு?

அச்சுகளுக்குப் பெயர் வைத்த அரேக்களைக் கையாளும் பைத்தான் லைப்ரரி எக்ஸ்அரே. அதைப் பயன்படுத்துகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது: "டேட்டாவின் பரிமாணங்கள் சரியாக இருக்கின்றனவா என்று எங்கே, எதை வைத்துச் சோதிப்பது? ஒவ்வொரு ஃபங்ஷனிலும் நாலு வரி எழுதுவதா, ஸ்கீமா லைப்ரரி போடுவதா, டைப் குறிப்பு எழுதுவதா?" கேட்பவர்களில் பெரும்பாலோர் வானிலை, காலநிலை, நீரியல் பக்கம் வேலை செய்பவர்கள். நானும் அந்தப் பக்கம்தான், அதனால் உதாரணங்களும் அங்கிருந்தே.

பெயரைக் கேட்டதும் ஆஸ்பத்திரி நினைவுக்கு வந்தால் தப்பில்லை. 2014இல் இந்தப் பைத்தான் லைப்ரரி வெளியானபோது அதன் பெயரே எக்ஸ்ரேதான். 2016இல்தான் எக்ஸ்அரே ஆனது.

## பெயர் இருந்தும் சோதனை எதற்கு?

பைத்தானின் அடிப்படை அரே லைப்ரரியான நம்பையில் அச்சுகளுக்கு (அதாவது பரிமாணங்களுக்கு) வெறும் எண்தான்: 0, 1, 2. எது நேரம், எது அட்சரேகை என்பது எழுதியவர் தலைக்குள் இருக்கும். எக்ஸ்அரே ஒவ்வொரு அச்சுக்கும் பெயர் வைத்து, அதன் கோஆர்டினேட் மதிப்புகளையும் (தேதி, அட்சரேகை போன்றவை) கூடவே ஒட்டி வைக்கிறது. இரண்டு அரேக்களைக் கழிக்கச் சொன்னால் இரண்டு காரியம் நடக்கும். ஒரே பெயருள்ள பரிமாணங்களில், இரு பக்கமும் பொதுவாக உள்ள கோஆர்டினேட்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை உதறிவிடும். ஒரு பக்கம் மட்டும் உள்ள பெயர் என்றால், மறுபக்கத்தை அந்தப் பரிமாணம் முழுக்க விரித்துவிடும். இரண்டுமே வசதிதான். இரண்டும் சத்தமில்லாமல் நடப்பதுதான் தொல்லை.

அட்டவணைத் தரவுக்கான பாண்டாஸ் லைப்ரரி இப்படிப் பொருத்தும்போது இரு பக்கத்து லேபிள்களையும் வைத்துக்கொண்டு, ஜோடி இல்லாத இடத்தில் நேன் (மதிப்பு இல்லை என்ற குறி) போடும். அச்சடித்துப் பார்த்தாலே ஏதோ கோளாறு என்று தெரிந்துவிடும். எக்ஸ்அரே அந்த இடத்தையே எடுத்துவிடுகிறது, தழும்புகூடத் தெரியாது.

ஓர் உதாரணம். ஐரோப்பிய வானிலை மையத்தின் ஈரா5 என்ற உலக வானிலைத் தரவை நெட்சிடிஎஃப் (பல பரிமாண அரேக்களுக்கான வடிவம்) கோப்பாக இறக்கியவர்களுக்குத் தெரியும்: 2024இல் தரவுக் கிடங்கு புதிய தளத்துக்கு மாறியபோது 'டைம்' என்ற பரிமாணம் 'வேலிட்_டைம்' ஆகிவிட்டது. அதை இந்திய வானிலைத் துறையின் 0.25 டிகிரி மழைக் கட்டத்துக்கு (129 × 135 செல்கள்) மாற்றி, ஒரு வருடத் தினசரித் தரவை ஒன்றிலிருந்து ஒன்று கழிக்கிறீர்கள் என்று வையுங்கள். ஒன்றில் 'டைம்', மற்றதில் 'வேலிட்_டைம்'. சுமார் 63.5 லட்சம் செல்கள் வரவேண்டிய இடத்தில் 365 × 365 என்று விரிந்து 232 கோடி செல்கள் வரும். ஃப்ளோட்32 (ஓர் எண்ணுக்கு 32 பிட்) என்றால் 9 ஜிபிக்கு மேல். லேப்டாப் திணறினால் அதிர்ஷ்டம், அப்போதாவது கவனிப்பீர்கள். பெரிய அரேக்களைத் துண்டுகளாகக் கையாளும் டாஸ்க் (Dask) லைப்ரரியைப் போட்டிருந்தால் அது பாட்டுக்குத் துண்டு துண்டாகக் கணக்குப் போட்டு முடித்துவிடும்.

இதில் இன்னொரு வேடிக்கை. அந்த விரிந்த அரேயின் மொத்த சராசரியை எடுத்தால் விடை சரியாகவே வரும்! எல்லா நாளையும் எல்லா நாளோடும் கழித்துச் சராசரி எடுத்தாலும், இரண்டு சராசரிகளின் வித்தியாசம்தான் கிடைக்கும் (நேன் இல்லாதவரை). ஆக, பையஸ் (சராசரி வித்தியாசம்) சரி. அடுத்த வரியில் கணக்கிடும் ஆர்எம்எஸ்இ (வித்தியாசங்களின் வர்க்கச் சராசரியின் வர்க்கமூலம்) மட்டும் முழுத் தப்பு. முதல் எண்ணைச் சரிபார்த்துத் திருப்திப்பட்டவர் இரண்டாவதைச் சந்தேகிக்கவே மாட்டார்.

## எதை வைத்து எடைபோடுவது?

முதல் கேள்வி, எந்த வகைத் தவறைப் பிடிக்கிறது என்பது. பரிமாணத்தில் நான்கு வகைத் தவறு வரும்: பெயர் மாறுவது, வரிசை மாறுவது, எண்ணிக்கை மாறுவது, கோஆர்டினேட் மதிப்பு மாறுவது. என் அனுபவத்தில் கடைசிதான் ஆளைக் கவிழ்க்கும். சோதனை எழுதுகிறவர்களோ பெரும்பாலும் முதல் மூன்றோடு நிறுத்திவிடுகிறார்கள்.

இரண்டாவது, ஒற்றை அரேயைப் பார்க்கிறதா, இரண்டு அரேக்களுக்கு நடுவே உள்ள உறவைப் பார்க்கிறதா. மூன்றாவது, ஆறு மாதம் கழித்து அதைப் பராமரிக்கப்போவது யார். நான்காவது ஓட்டச் செலவு. இதில் பயப்பட ஒன்றும் இல்லை: கோப்பைத் திறக்கும்போதே பரிமாணக் கோஆர்டினேட்கள் நினைவகத்துக்கு வந்துவிடுவதால், பெயரையும் அளவையும் கோஆர்டினேட்டையும் பார்ப்பது டாஸ்க் தரவிலும் நொடியில் முடியும். உள்ளே உள்ள மதிப்புகளைத் தொட்டால்தான் (நேன் இருக்கிறதா, எதிர்மறை மழை இருக்கிறதா என்று) முழுக் கணக்கும் ஓடத் தொடங்கும். அதைப் பரிமாணச் சோதனையோடு கலக்காதீர்கள்.

## வழி 1: கையால் எழுதும் சோதனை

ஃபங்ஷன் வாசலில் நாலு வரி: எதிர்பார்த்த பெயர்கள் இருக்கின்றனவா, எந்தப் பரிமாணமும் காலியாக இல்லையா, அட்சரேகை ஏறுவரிசையில் இருக்கிறதா. பத்துப் பதினைந்து வரியில் ஒரு உதவி ஃபங்ஷனாக எழுதிவிடலாம். எரர் செய்தியை உங்கள் மொழியிலேயே எழுதலாம் என்பது இதன் பெரிய பலம். "அட்சரேகை இறங்குவரிசையில் உள்ளது, முதலில் வரிசைப்படுத்து" என்று சொல்கிற எரரை எந்த லைப்ரரியும் தராது.

காலிப் பரிமாணச் சோதனையைத் தவற விடாதீர்கள். ஈரா5இல் அட்சரேகை 90இல் தொடங்கி -90க்கு இறங்குகிறது. அதில் 8 முதல் 14 வரை வெட்டச் சொன்னால் எரர் வராது, பூஜ்ஜியம் நீளமுள்ள அரே வரும். அதன் சராசரி நேன். தலைகீழாக 14 முதல் 8 வரை கேட்டால்தான் தரவு கிடைக்கும்.

அதிகம் பேர் கவனிக்காத ஒரு குறுக்குவழியும் உண்டு. எக்ஸ்அரேயின் டிரான்ஸ்போஸ் மெத்தடுக்கு எல்லாப் பெயர்களையும் வரிசையாகக் கொடுத்தால், அந்த வரிசைக்கு மாற்றித் தரும். ஒரு பெயர் குறைந்தாலும் கூடினாலும் எரர் போடும். பெயர்ச் சோதனையும் வரிசைத் திருத்தமும் ஒரே வரியில் முடிந்தது. நாசாவின் ஐமெர்ஜ் மழைக் கோப்புகளில் தீர்க்கரேகை முன்னாலும் அட்சரேகை பின்னாலும் வரும். அதை நம்பைக்கு அனுப்புவதற்கு முன் இந்த ஒரு வரி இல்லாமல் நான் தாண்டுவதில்லை.

மறைமுகச் செலவுகள்: பைத்தானின் அசர்ட் கட்டளை போட்டு எழுதினால், பைத்தானை ஆப்டிமைஸ் கொடியோடு (கழித்தல் குறி, பெரிய ஓ) ஓட்டும்போது அத்தனையும் காணாமல் போகும். எரரை நீங்களே எழுப்புங்கள். பல அரேக்களைச் சேர்த்து வைக்கும் டேட்டாசெட்டில் 'டிம்ஸ்' திருப்பித் தரும் பொருளின் வகை மாறப்போகிறது என்று லைப்ரரியே எச்சரிக்கிறது, நீளம் வேண்டும் என்றால் 'சைஸஸ்' கேளுங்கள். இதையெல்லாம் விடப் பெரியது, சோதனை வரிகள் நோட்புக்கிலிருந்து நோட்புக்குக்கு நகலாகி, ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக மாறிவிடுவது.

யாருக்கு: தனியாக வேலை செய்பவருக்கும், ஃபங்ஷன்கள் பத்துக்குள் அடங்கும் திட்டத்துக்கும்.

## வழி 2: எக்ஸ்அரேயின் சொந்தக் கண்டிப்பு

இதைப் பற்றித்தான் கொஞ்சம் அதிகம் சொல்ல வேண்டும். ஏனென்றால் செலவு ஒரு வரி, லாபம் மிக அதிகம், பயன்படுத்துகிறவர்கள் குறைவு.

ஒருமுறை நானே மாட்டிக்கொண்ட கதை. 0.1 டிகிரி கட்டத்தில் செயற்கைக்கோள் மழைத் தரவு, அதே கட்டத்தில் நானே செய்த ஆற்றுப்படுகை மாஸ்க் (எந்தச் செல்கள் படுகைக்குள் என்று குறிக்கும் அரே). இரண்டிலும் பெயர் ஒன்று, வரிசை ஒன்று, எண்ணிக்கை ஒன்று. என் சோதனை எல்லாம் பாஸ். பெருக்கினேன், படுகைச் சராசரி எடுத்தேன், நம்பும்படியான எண் வந்தது. வரைபடம் போட்டபோதுதான் படுகை அம்மைத் தழும்பு மாதிரி புள்ளி புள்ளியாக இருந்தது.

காரணம், கோப்பில் கோஆர்டினேட் ஃப்ளோட்32, என் மாஸ்கில் ஃப்ளோட்64. செல் மையங்கள் 0.05, 0.15, 0.25 என்று போகும். 0.05ஐ இரும எண்ணில் துல்லியமாக எழுத முடியாது, அதனால் 32 பிட்டில் ஒரு மதிப்பு, 64 பிட்டில் வேறு மதிப்பு. 0.25, 0.75, 1.25 போன்றவை மட்டும் இரண்டிலும் அச்சாக ஒன்று. ஆக ஒவ்வோர் அச்சிலும் ஐந்தில் ஒன்றுதான் பொருந்தும். இரண்டு அச்சையும் சேர்த்தால் இருபத்தைந்து செல்லில் ஒன்று. மீதி 24ஐ எக்ஸ்அரே பொதுவில் இல்லை என்று உதறிவிட்டது. இருபத்தைந்தில் ஒன்றை எடுத்துப் போட்ட சராசரி, உண்மையான சராசரிக்குப் பக்கத்தில்தான் வரும். அதனால்தான் எண்ணைப் பார்த்துச் சந்தேகம் வரவில்லை.

கணக்கின்போது கோஆர்டினேட்களை எப்படிப் பொருத்துவது என்று சொல்லும் 'அரித்மெட்டிக்_ஜாயின்' என்ற அமைப்பை 'எக்ஸாக்ட்' (அச்சாக ஒன்றாக இருக்க வேண்டும்) என்று மாற்றி வைத்திருந்தால் பெருக்கிய வரியிலேயே எரர் வந்திருக்கும். முழு நிரலுக்கும் செட்_ஆப்ஷன்ஸ் வழியாகப் போடலாம், வித் தொகுதிக்குள் மட்டும் போடலாம், அல்லது ஃபங்ஷன் வாசலில், அரேக்களைப் பொருத்தித் தரும் அலைன் ஃபங்ஷனை எக்ஸாக்ட் ஜாயினோடு ஒருமுறை கூப்பிடலாம். மூன்றும் ஒரே காவலாளிதான், நிற்கிற இடம்தான் வேறு.

ஆனால் எக்ஸாக்ட் பார்ப்பது கோஆர்டினேட்டை மட்டும். 'டைம்', 'வேலிட்_டைம்' சிக்கல் இதில் சிக்காது, ஏனென்றால் பெயர் வேறு என்றால் ஒப்பிடவே ஒன்றும் இல்லை. அதற்காகப் புதிய பதிப்புகளில் 'அரித்மெட்டிக்_பிராட்காஸ்ட்' என்று இன்னொரு சுவிட்ச் வந்திருக்கிறது. அதை அணைத்தால், விரிக்க வேண்டிய தேவை வரும் இடத்திலெல்லாம் எரர் வரும். நியாயமான விரிப்பும் இதில் மாட்டும்: 30 வருடத் தரவிலிருந்து ஒற்றைச் சராசரி வரைபடத்தைக் கழிப்பதுகூட முடியாது. அதனால் இதை எப்போதும் வித் தொகுதிக்குள் மட்டும் வைப்பேன்.

மறைமுகச் செலவுகள் இங்கே நிறைய. தரவுகளை ஒன்றாகச் சேர்க்கும் மெர்ஜ், கான்கேட் இரண்டும் இந்த சுவிட்சுக்குக் கட்டுப்படாது. அவற்றுக்குத் தனியாக ஜாயின் சொல்ல வேண்டும். இதுவரை அவற்றின் இயல்பு 'அவுட்டர்' (இரு பக்கத்து லேபிள்களையும் வைத்துக்கொள்வது), அதை எக்ஸாக்ட் ஆக மாற்றும் வேலை 2025இல் தொடங்கிவிட்டது. டேட்டாசெட்டுக்குள் புதிய மாறியைச் சேர்க்கும்போதும் இந்தக் கண்டிப்பு கிடையாது, டேட்டாசெட்டின் கோஆர்டினேட்டுக்கு ஏற்ப வெட்டி, குறைந்த இடத்தில் நேன் போட்டுவிடும். ஒரு பக்கத்தில் கோஆர்டினேட்டே இல்லை என்றால் எண்ணிக்கை மட்டும்தான் பார்க்கப்படும். மதிப்பு ஒன்றாக இருந்து வரிசை மட்டும் தலைகீழாக இருந்தாலும் எரர்தான், எனவே முதலிலேயே வரிசைப்படுத்திவிடுங்கள். அப்புறம், இந்த அமைப்பு அந்தந்த ப்ராசஸுக்கு மட்டும். டாஸ்க் வொர்க்கர்கள் வேறு ப்ராசஸில் ஓடினால், அங்கே ஓடும் உங்கள் ஃபங்ஷனுக்கு இது போய்ச் சேராது. மற்றவர்கள் இம்போர்ட் செய்யும் லைப்ரரி எழுதுகிறீர்களா? முழு நிரலுக்கும் போடாதீர்கள், அடுத்தவர் கோடு உடையும்.

யாருக்கு: எக்ஸ்அரேயில் கூட்டல் கழித்தல் செய்யும் எல்லோருக்கும்.

## வழி 3: ஸ்கீமா

எக்ஸ்அரே-ஸ்கீமா என்ற லைப்ரரி கார்பன்பிளான் அமைப்பிடமிருந்து வந்தது. அரேயின் டைப், பரிமாணப் பெயர்கள், வடிவம், கோஆர்டினேட்கள், டாஸ்க் துண்டுகளின் அளவு என்று எதிர்பார்ப்பை ஓர் இடத்தில் அறிவித்துவிட்டு, வருகிற தரவை அதில் நுழைத்துப் பார்க்கலாம். தெரியாத இடத்தில் 'நன்' (None, பைத்தானின் வெற்று மதிப்பு) என்று விட்டால் எதுவும் ஏற்கப்படும். துண்டுகளின் அளவைச் சோதிப்பது இதில் தனிச் சிறப்பு. ஸார் (அரேயைத் துண்டு துண்டாகச் சேமிக்கும் வடிவம்) கிடங்கில் தினமும் தரவு சேர்ப்பவர்களுக்கு அதன் அருமை தெரியும். டேட்டாஃபிரேம்தான் (பாண்டாஸின் அட்டவணை) உங்கள் வேலை என்றால், இதே இடத்தில் பாண்டெரா நிற்கிறது. அது இதைவிட நன்றாக வளர்ந்த லைப்ரரி.

ஸ்கீமாவின் உண்மையான பயன் சோதனையைவிட ஆவணம்தான். புதிதாகச் சேர்ந்தவர் "இந்தக் கோப்பில் என்ன இருக்கும்?" என்று கேட்டால் காட்ட ஓர் இடம் இருக்கிறது.

குறை: ஒவ்வோர் அரேயையும் தனித்தனியாகத்தான் பார்க்கும். மழையும் மாஸ்கும் தனித்தனியே ஸ்கீமாவில் பாஸ் ஆகி, சேர்ந்தால் இருபத்தைந்தில் ஒன்றாகச் சுருங்கும் கதை இங்கே பிடிபடாது. வடிவத்தை இறுக்கமாக எழுதினால் லீப் வருடத்தில் 366 வந்து நிற்கும், தளர்த்தி எழுதினால் சோதனை சும்மா பெயருக்குத்தான். இன்னொரு சார்பு லைப்ரரியைச் சுமப்பதும் உண்டு, எக்ஸ்அரே மாறும்போது அதுவும் கூடவே மாற வேண்டும்.

யாருக்கு: வெளியிலிருந்து கோப்பு வந்துகொண்டே இருக்கும் தினசரி வேலைக்கும், மூன்று பேருக்கு மேல் உள்ள குழுவுக்கும். அதுவும் வாசலில் மட்டும். உள்ளே ஒவ்வொரு ஃபங்ஷனிலும் போட்டால் கோடு மூச்சுத் திணறும்.

## வழி 4: டைப் குறிப்புகள்

ஜாக்ஸ்டைப்பிங், பேர்டைப் என்ற இரண்டு லைப்ரரிகளையும் சேர்த்துக்கொண்டு ஃபங்ஷன் தலைப்பிலேயே "நேரம், அட்சம், தீர்க்கம்" என்று எழுதிவிடலாம். ஒரே ஃபங்ஷனில் 'அட்சம்' இரண்டு இடத்தில் வந்தால் இரண்டுக்கும் ஒரே நீளம் இருக்க வேண்டும் என்று ஓடும்போது சோதிக்கும். ஜாக்ஸ், பைடார்ச் போன்ற மெஷின் லேர்னிங் லைப்ரரிகள் பக்கம் இது பொன்னான வழி. எக்ஸ்அரேக்கு? குறிப்பில் எழுதிய பெயருக்கும் அரேயில் ஒட்டியிருக்கும் பெயருக்கும் சம்பந்தமே இல்லை, அது நீளத்தை மட்டும்தான் ஒப்பிடுகிறது. லேபிள் உள்ள தரவில் லேபிளைப் பார்க்காத சோதனை. மைபை போன்ற டைப் சோதனைக் கருவிகள் கோடை ஓட்டாமலே பிடிக்கும் என்றும் நம்ப வேண்டாம், கோப்பைத் திறந்தால்தான் தெரியும் அளவை அவை எப்படி அறியும்?

பைடார்ச்சிலேயே பெயருள்ள டென்சர்கள் (அங்கே அரேக்கு அதுதான் பெயர்) 2019இல் 1.3 பதிப்பில் வந்தன. இன்னும் சோதனை நிலையிலேயே இருக்கின்றன, அதை நம்பி வீடு கட்ட வேண்டாம்.

யாருக்கு: எக்ஸ்அரேயிலிருந்து கழற்றி வெறும் அரேயாக மாடலுக்கு அனுப்பும் பகுதிக்கு மட்டும்.

## பக்கத்தில் பக்கத்தில்

| | கைச்சோதனை | எக்ஸாக்ட் சுவிட்ச் | ஸ்கீமா | டைப் குறிப்பு |
|---|---|---|---|---|
| பெயர் மாற்றம் | பிடிக்கும் | பிடிக்காது (பிராட்காஸ்ட் சுவிட்ச் தேவை) | பிடிக்கும் | பிடிக்காது |
| வரிசை மாற்றம் | டிரான்ஸ்போஸ் போட்டால் | தேவையில்லை, பெயரால் பொருத்தும் | பிடிக்கும் | நீளம் வேறானால் மட்டும் |
| கோஆர்டினேட் மதிப்பு | எழுதினால் உண்டு | பிடிக்கும் | நீங்கள் சேர்த்தால் | பிடிக்காது |
| இரண்டு அரேக்களின் உறவு | எழுதினால் உண்டு | பிடிக்கும் | இல்லை | நீளம் மட்டும் |
| தொடங்கும் செலவு | அரை மணி | ஒரு வரி | ஒரு நாள் | ஒரு நாள் |
| பராமரிப்பு | நகல்கள் பெருகும் | கிட்டத்தட்ட இல்லை | தொடர்ந்து உண்டு | நடுத்தரம் |

செலவுக் கணக்கு என் கைக்கணக்கு, உங்களுக்கு மாறலாம்.

## நான் என்றால்

முதல் நாளே எக்ஸாக்ட். ஏற்கெனவே முப்பது நாற்பது நோட்புக் இருந்தால் எல்லாவற்றிலும் ஒரே நாளில் போடாதீர்கள், ஒவ்வொன்றாகப் போட்டு ஓட்டுங்கள். முதல் வாரம் எரர் மழைதான். அதில் பாதி, ஃப்ளோட்32 கோஆர்டினேட்டை ஃப்ளோட்64 ஆக்கி இரண்டு தசமத்துக்கு ரவுண்ட் செய்தால் போய்விடும். போகாத பாதியைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். எரரை வாயடைக்க 'ஓவர்ரைடு' (override) ஜாயின் போடும் ஆசை வரும். நீளம் ஒன்றாக இருந்தால் ஒரு பக்கத்துக் கோஆர்டினேட்டை அப்படியே மறுபக்கத்துக்கு ஒட்டிவிடும் முறை அது. இரண்டு கட்டமும் ஒன்றேதான் என்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும்.

அடுத்து, கோப்பு திறக்கும் இடத்தில் ஒரே ஒரு உதவி ஃபங்ஷன்: பெயர்களை உங்கள் வழக்கத்துக்கு மாற்றி, அட்சரேகையை ஏறுவரிசையாக்கி, டிரான்ஸ்போஸ் செய்து, காலிப் பரிமாணம் இருந்தால் நிறுத்தி அனுப்புவது. ஈரா5, ஐமெர்ஜ், பெரிய எழுத்தில் பரிமாணப் பெயர் வைத்திருக்கும் வானிலைத் துறைக் கோப்பு எல்லாம் இந்த ஒரே கதவு வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். ஸ்கீமாவை, அந்தக் கதவை இரண்டாவது ஆள் திருத்தத் தொடங்கும்போது யோசித்தால் போதும்.

## நாலிலும் சிக்காதது

வானிலைத் துறையின் ஜூலை 15 மழை என்பது, 14ஆம் தேதி காலை 8.30 முதல் 15ஆம் தேதி காலை 8.30 வரை பெய்தது. ஈரா5இன் மணிவாரி மழையை யுடிசி (உலகப் பொது நேரம்) நாள்படி கூட்டினால், ஜூலை 15 என்பது நம் நேரப்படி 15 காலை 5.30 முதல் 16 காலை 5.30 வரை. இரண்டுக்கும் லேபிள் ஒன்று, நீளம் ஒன்று, பெயர் ஒன்று. உண்மையில் பொதுவாக இருப்பது மூன்று மணி நேரம் மட்டும். எந்தச் சோதனையும் வாய் திறக்காது.

இதற்கு நான் செய்வது, வானிலைத் துறைக் கோப்பு அந்தக் கதவு வழியாக வரும்போதே நேரக் கோஆர்டினேட்டை நள்ளிரவாக விடாமல் 03.00 யுடிசி என்று மாற்றிவிடுவது. அதுதான் காலை 8.30. நள்ளிரவு யுடிசி முத்திரையோடு வரும் ஈரா5 தினசரி மழையை இதோடு யாராவது கழிக்கப் பார்த்தால், எக்ஸாக்ட் அந்த வரியிலேயே நிறுத்திவிடும். ஈரா5ஐ மறுபடி மணிவாரியாக எடுத்து 03.00 முதல் 03.00 வரை கூட்டிக்கொண்டு வந்தால்தான் வழி விடும்.